பவுட்லரைஸ்னா எந்த ரைஸ்?

ராத்திரி சாப்பாடெல்லாம் முடிச்சுட்டு, காலை நீட்டி உக்காந்து ஒரு இங்கிலீஷ் படம் பாத்துட்டிருந்தேன். டிவிலதான். எந்த சேனல்னு சொல்ல மாட்டேன், எல்லாமே ஒரே குட்டையில ஊறினதுதான்.

ஹீரோவோட வீட்டைக் கொளுத்திட்டாங்க. நாயைக் கொன்னுட்டாங்க. அவன் மூக்குல ரத்தம் ஒழுக எந்திரிச்சு, வில்லனைப் பாத்து வாயைத் தொறக்கறான்.

சத்தமே இல்ல.

சரி, மியூட் பண்ணிட்டாங்க, நமக்குப் பழக்கம்தானேன்னு கீழ சப்டைட்டிலைப் பாக்கறேன். 'நீ ரொம்ப மோசமானவன்'ங்கற மாதிரி ரெண்டு வார்த்தை போட்டிருக்கு.

மோசமானவனா! வீட்டைக் கொளுத்தினவனையா? எங்க தெருவுல குப்பை வண்டி ஒரு நாள் வரலேன்னா அதைவிடக் காரமா திட்டுவாங்க. அவன் உதடு அசையற தினுசுலேயே என்ன சொல்றான்னு சின்னக் குழந்தைக்கும் தெரியுது. இத்தனைக்கும் கழுத்தை அறுக்கற சீன்ல ஒரு நொடி கூட வெட்டல. கழுத்து அறுபடலாம், காது மட்டும் கெட்டுடக் கூடாது. என்ன நியாயமோ!

கடுப்புல குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல புலம்பினேன். சித்தப்பா உடனே பதில் போட்டார். (சித்தப்பா ரிட்டயர்ட் இங்கிலீஷ் வாத்தியார். குட் மார்னிங் மெசேஜ்லயே கமா தப்பா இருந்தா திருத்தி அனுப்புவார்.)

"இதுக்குப் பேர்தான்மா பவுட்லரைஸ் பண்றது."

அடுத்த நிமிஷமே அண்ணி: "லெமன் ரைஸ் தெரியும், கர்ட் ரைஸ் தெரியும். இது எந்த ரைஸ் மாமா?"

சித்தப்பா அதுக்கு பதிலே போடல. ஆனா எனக்கு அந்த வார்த்தை மண்டைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. நோண்ட ஆரம்பிச்சேன். நோண்ட நோண்ட, உள்ளேர்ந்து ஒரு டாக்டர், ஒரு அக்கா, ஒரு செஸ் ஆட்டம், கடைசில நம்ம திருவையாறு வரைக்கும் வந்து நிக்குது. அதான் இவ்ளோ நீளப் பதிவு. டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அர்த்தம்.

ஒரு புத்தகத்துலயோ நாடகத்துலயோ படத்துலயோ, 'அய்யய்யே, இது அசிங்கம், இது பசங்களுக்கு ஆகாது'ன்னு தோணற இடத்தையெல்லாம் வெட்டிட்டு, இல்லேன்னா அங்க ஒரு சாதுவான வார்த்தையைத் திணிச்சு, மொத்தத்தையும் சப்புனு ஆக்கறதுதான் பவுட்லரைஸ். நல்லா கவனிங்க, வெறுமனே வெட்டினா போதாது. வெட்டறவர் மனசுல 'நான் நல்லதுதான் பண்றேன்'ங்கற நெனப்பு இருக்கணும். பாக்கறவங்களுக்கு 'கெடுத்துட்டியேடா'ன்னு தோணணும். இந்த ரெண்டும் சேர்ந்தாதான் பவுட்லரைஸ்.

உச்சரிப்புலயும் ஒரு சின்னத் தகராறு. இங்கிலாந்துக்காரங்க 'பவுட்'னு, 'கிளவுட்' சொல்ற மாதிரி ஆரம்பிப்பாங்க. அமெரிக்காவுல 'போட்லரைஸ்'னும் சொல்றவங்க இருக்காங்க. நான் பவுட்தான். பவுடர் பூசி மறைக்கற வேலைங்கறதால ஞாபகமும் நிக்குது.

இந்த 'ஐஸ்'னு முடியற வினைச்சொல்லுங்கள்ல பாதி ஏதாவது ஒரு மனுஷன் தலைல கட்டினதுதான் போல. பால் பாக்கெட்ல பாக்கறோமே பாஸ்சரைஸ்டு, அது லூயி பாஸ்சர். மெஸ்மரைஸ், அது ஃப்ரான்ஸ் மெஸ்மர்ங்கற டாக்டர். 'ஐஸ்' இல்லாமலும் உண்டு. பாய்காட் பண்றோமே, அந்த பாய்காட் 1880-ல அயர்லாந்துல ஒரு ஜமீனுக்கு ஏஜென்ட்டா இருந்த ஆளு. ஊரே சேர்ந்து அவரை ஒதுக்கி வெச்சது, பேரு உலகம் பூரா நின்னுடுச்சு.

அந்த வரிசைல நம்ம ஆளு டாக்டர் தாமஸ் பவுட்லர்.

1754-ல இங்கிலாந்துல பாத் நகரத்துக்குப் பக்கத்துல பொறந்தவர். எடின்பரோல டாக்டருக்குப் படிச்சவர். ஆனா அந்தத் தொழில் அவருக்கு ஒட்டவே இல்ல, சீக்கிரமே விட்டுட்டார். கையில காசு இருந்துச்சு. ஜெயில் சீர்திருத்தம் அது இதுன்னு நல்ல காரியங்கள்ல இறங்கிட்டார்.

அப்பறம் செஸ். (இங்க ஒரு நிமிஷம் நிக்கணும், இந்தாளு மேல எனக்கு மரியாதை வந்ததே இந்த இடத்துலதான்.)

1788-ல லண்டன்ல கான்வேங்கறவரோட பவுட்லர் ஆடின ஒரு ஆட்டம் இன்னிக்கும் செஸ் புத்தகங்கள்ல இருக்கு. ரெண்டு யானையையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா காவு குடுத்துட்டு, எதிராளி அதைத் தின்னுட்டு நிக்கறப்போ, போய் மேட் வெச்சுட்டார். எழுதி வெச்ச ஆட்டங்கள்ல ரெண்டு யானையைக் காவு குடுத்து ஜெயிச்ச மொத ஆட்டம் இதுதான்னு சொல்வாங்க. சிசிலியன் டிஃபென்ஸ்ல ரெண்டாவது நகர்த்தல்லயே மந்திரியை வெளில கொண்டு வந்தா அதுக்குப் பேரு பவுட்லர் அட்டாக். கட்டம் போட்ட பலகைல அப்படி ஒரு ரவுடி, காகிதத்துல ஒரு கெட்ட வார்த்தையைப் பாத்தா கைக்குட்டையைத் தேடியிருக்கார்!

அவங்க அப்பா ஒரு காரியம் பண்ணுவாராம். சாயங்காலம் குடும்பம் மொத்தத்தையும் உக்கார வெச்சு ஷேக்ஸ்பியரை சத்தமா வாசிச்சுக் காட்டுவார். ரொம்ப நல்லா வாசிப்பார். விரசமான இடம் வந்தா, குரல்ல ஒரு சின்னத் தடங்கல் கூட இல்லாம, அதை அப்படியே தாண்டிப் போயிடுவார். கேட்டுட்டிருந்த பசங்களுக்கு எதுவுமே தெரியாது. பெரியவனானப்பறம் முழுப் புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்தப்போதான் பவுட்லருக்கு விஷயமே புரிஞ்சது. அப்பா தாண்டினதையெல்லாம் படிச்சுட்டு அவர் கோபப்படல, 'நம்ம அப்பா எவ்ளோ நல்லவர்!'னு உருகியிருக்கார். அப்படி ஒரு அப்பா எல்லா வீட்லயும் இருக்க மாட்டாரே, நாமளே தாண்டின மாதிரி ஒரு புத்தகம் போட்டுட்டா என்னன்னு யோசனை.

அதான் 'ஃபேமிலி ஷேக்ஸ்பியர்'.

சிரிக்கறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு நடப்பை யோசிங்க. போன லீவுல என் அண்ணன் பொண்ணுக்கு நான் மகாபாரதம் சொல்லிட்டிருந்தேன். குந்தி, மந்திரம், சூரியன், கர்ணன்.

"சூரியன் வந்தார். குந்தி கைல ஒரு பாப்பாவைக் குடுத்தார்."

"ஏன் அத்தை குடுத்தார்?"

"சும்மா... கிஃப்ட்."

"கிஃப்ட்டை ஏன் ஆத்துல விட்டாங்க?"

அங்க நான் மாட்டிக்கிட்டேன். அந்த ஒரு வரியைத் தாண்டினா கதையே நிக்காது. குந்திக்கு என்ன பயம், ஊரு என்ன பேசும், எதுக்கு அந்தப் பெட்டி, எதுவுமே ஒட்டாது. கர்ணனோட மொத்த வாழ்க்கையும் அந்தத் தாண்டின வரிக்குள்ளதான் இருக்கு. குழந்தை ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "பாட்டி வேற மாதிரி சொன்னாங்க"ன்னு திரும்பிப் படுத்துக்கிச்சு. (பாட்டி எதையுமே தாண்ட மாட்டாங்க. எங்கம்மாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.)

ஆக, பசங்க இருக்கற வீட்டுல எல்லாரும் கொஞ்சம் பவுட்லர்தான். அச்சுல போடறதுதான் வித்தியாசம்.

ஃபேமிலி ஷேக்ஸ்பியர் மொதல்ல வந்தது 1807-ல, பாத் நகரத்துல. நாலு தொகுதி, 20 நாடகம். யார் தொகுத்ததுன்னு பேரே போடல. அப்பறம் 1818-ல லண்டன்ல பத்துத் தொகுதி, 36 நாடகம். இப்போ அட்டைல பேரு: தாமஸ் பவுட்லர். தலைப்புக்குக் கீழயே நீட்டமா ஒரு விளக்கமும் உண்டு. மூலத்துல நான் எதையும் சேர்க்கல, குடும்பத்துல சத்தமா வாசிக்க முடியாத வார்த்தைங்களை மட்டும் எடுத்திருக்கேன்ங்கற மாதிரி.

எடுத்தது என்னென்ன?

கடவுளைக் கூப்பிட்டுப் பதறற இடங்கள்ல கடவுள் போய் 'சொர்க்கமே'ன்னு ஆயிடுச்சு. மேக்பெத் நாடகத்துல லேடி மேக்பெத் தூக்கத்துல நடந்து, கைல இல்லாத ரத்தக் கறையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அதைச் சபிக்கற சீன் இருக்கே, உலகப் பிரசித்தம். அந்த சாப வார்த்தையைத் தூக்கிட்டு அங்க 'சிவப்பு'ங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தையைப் போட்டுட்டாங்க. கொலை பண்ணிட்டுப் பைத்தியம் பிடிச்சு அலையறவ, சேலைல குங்குமம் கொட்டின மாதிரி கலர் சொல்லிட்டு நிக்கறா! (எதையும் சேர்க்கலேன்னு தலைப்புல சொன்னாரே, இது என்ன கணக்குன்னு நீங்க கேக்கறது எனக்குக் கேக்குது.)

நாலாம் ஹென்றி ரெண்டாம் பாகத்துல டால் டேர்ஷீட்னு ஒரு பொண்ணு. விலைமாது. வாயைத் தொறந்தா கப்பல்காரன் கூடக் காதைப் பொத்திக்கணும். அவளை எப்படி சுத்தம் பண்றது? பண்ணவே இல்ல, மொத்தமா காணாமப் பண்ணிட்டாங்க. ரோமியோ ஜூலியட்ல மெர்குஷியோ மணி என்னன்னு சொல்றதுல கூட ஒரு இரட்டை அர்த்தம் வெச்சிருப்பான். பவுட்லர்ல அவன் மணியை மட்டும் ஒழுங்கா சொல்லிட்டுப் போறான்.

ஆனா ஒத்தெல்லோகிட்ட டாக்டர் தோத்துட்டார். எங்க வெட்டினாலும் கதை இடிஞ்சு விழுது, சந்தேகமும் படுக்கையும்தானே அந்த நாடகமே. அதை அவர் மறைக்கல. குடும்பமா உக்காந்து படிக்க இது சரிப்படாது, கூடத்துல வேணாம், தனியா உங்க அறைல வெச்சுப் படிச்சுக்கோங்கன்னு புத்தகத்துலயே எழுதிட்டார். இந்த இடத்தை மனசுல வெச்சுக்கோங்க, இதுக்கு அப்பறம் வரேன்.

மொதல்ல விமர்சகருங்க அடிச்சுக்கிட்டாங்க. 1821-ல பிளாக்வுட்ஸ் பத்திரிகை திட்ட, அதுக்குப் போட்டியான எடின்பரோ ரிவ்யூ தூக்கி வெச்சுப் புகழ, நடுவுல புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. நம்ம ஊர்ல படத்துக்கு ரெண்டு ரசிகர் மன்றம் அடிச்சுக்கிட்டா டிக்கெட் விக்குமே, அதே சூத்திரம். பவுட்லர் 1825-ல வேல்ஸ்ல ஸ்வான்சி பக்கம் இறந்துட்டார். சாகறதுக்கு முன்னாடி கிப்பனோட ரோமானிய சாம்ராஜ்ய சரித்திரத்தையும் இதே மாதிரி கழுவி முடிச்சிருக்கார். அது அடுத்த வருஷம் வந்துச்சு.

வினைச்சொல் பொறந்தது 1836-ல. தாமஸ் பெரோனெட் தாம்ப்சன்ங்கற எம்.பி. ஒரு கடிதத்துல எழுதினதுதான் அச்சுல கிடைக்கற மொத உதாரணம். ஆள் செத்துப் பதினோரு வருஷத்துல பேரு வசவு ஆயிடுச்சு.

இப்பதான் மெயின் கதை.

1807-ல வந்த மொத பதிப்புல பேரு இல்லேன்னு சொன்னேனே, அதைத் தொகுத்தது தாமஸே இல்ல. அவரோட அக்கா. ஹென்ரியட்டா மரியா பவுட்லர், வீட்ல ஹாரியட். 1750-ல பொறந்தவங்க, கல்யாணம் பண்ணிக்கல. பேரு போடாமலே இவங்க எழுதின ஒரு பிரசங்கத் தொகுப்பு 1801-ல வந்து, பதிப்பு மேல பதிப்பா வித்திருக்கு. அதைப் படிச்ச லண்டன் பிஷப், யாரோ பெரிய பாதிரியார்தான் எழுதியிருக்கார்னு நெனச்சு, பதிப்பாளர் மூலமா அவருக்கு ஒரு சர்ச் பொறுப்பே குடுக்கறேன்னு சொன்னாராம்!

அப்படிப்பட்டவங்க ஏன் ஷேக்ஸ்பியர்ல பேரு போடல?

யோசிச்சுப் பாருங்க. அசிங்கத்தை வெட்டணும்னா அது அசிங்கம்னு மொதல்ல புரியணும். மெர்குஷியோ மணி சொல்றதுல என்ன இருக்குன்னு கல்யாணமாகாத, பக்தியான ஒரு பொம்பளைக்குப் புரிஞ்சதுன்னா ஊரு என்ன பேசும்? (குந்தி ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.) அதனால மொதல்ல யாருமே இல்ல, அப்பறம் தம்பி. வெட்டினவங்களையே அட்டைலேர்ந்து வெட்டிட்டாங்க.

சரி, பவுட்லரைஸை எங்க போடலாம், எங்க போடக் கூடாது? நான் சித்தப்பாகிட்ட போட்டுப் பாத்து வாங்கிக் கட்டிக்கிட்டதுலேர்ந்து தேத்தினது.

'என் தங்கச்சியை பவுட்லரைஸ் பண்ணிட்டாங்க'ன்னு சொல்ல முடியாது. ஆளுங்களுக்கு வராது. புத்தகம், படம், பேச்சு, கடிதம், பாட்டு, இப்படி ஒருத்தர் உண்டாக்கின சரக்குக்குத்தான் வரும்.

நீளம் கூடுதுன்னு குறைச்சா அது பவுட்லரைஸ் இல்ல, சுருக்கறது. ஆயிரம் பக்க நாவலை பள்ளிக்கூடத்துக்கு நூறு பக்கமா ஆக்கறாங்களே, அது. ஆனா அந்த நூறு பக்கத்துல காதலை மட்டும் குறிபாத்து எடுத்திருந்தா, ரெண்டும் சேர்ந்தது.

தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா சில காகிதத்துல கருப்புப் பட்டை அடிச்சு வருமே, அது ரிடாக்ட். அங்க ரகசியம்தான் காரணம், வெக்கம் இல்ல. அப்பறம் கருப்பு அடிச்சிருக்குன்னு நமக்குக் கண்ணுக்குத் தெரியும்.

சென்சார் பண்றது அதிகாரத்துல இருக்கறவன் வேலை. பவுட்லரைஸ் பண்ண அதிகாரம் தேவையில்ல, நல்லெண்ணமும் ஒரு கத்திரிக்கோலும் இருந்தா போதும். சில நேரம் ரெண்டும் ஒண்ணா வரும். 2015-ல ஜேம்ஸ் பாண்டோட ஸ்பெக்டர் படம் இங்க வந்தப்போ, முத்தக் காட்சியைப் பாதியா குறைச்சு விட்டாங்களே ஞாபகம் இருக்கா? முத்தம் இருக்கலாம், ஆனா இவ்ளோ நேரம் ஆகாதாம். 'சம்ஸ்காரி பாண்ட்'னு ஊரே கலாய்ச்சது. அதை பவுட்லரைஸ்னு தாராளமா சொல்லலாம்.

எங்க அபார்ட்மென்ட் தண்ணி பிரச்சனைக்கு நான் ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். நல்லா மொளகாப்பொடி தூவி. செயலாளர் சார் அதை வாங்கி, 'மேடம், கொஞ்சம் பாலிஷ் பண்ணிடறேன்'னு சொல்லி, கடைசில 'தங்கள் மேலான கவனத்துக்கு'ன்னு ஆரம்பிச்சு 'நன்றி'ன்னு முடிச்சுட்டார். நடுவுல தண்ணியையே காணோம். சித்தப்பாகிட்ட காட்டினேன். "ஹி ஹாஸ் பவுட்லரைஸ்டு யுவர் லெட்டர். இதான்மா சரியான பிரயோகம்"னு பாராட்டினார். தண்ணி இன்னும் வரல, அது வேற விஷயம்.

இதுல ஒரு முக்கியமான விஷயம், யாரும் 'நான் பவுட்லரைஸ் பண்றேன்'னு சொல்லிக்க மாட்டாங்க. பண்றவங்க 'எடிட்', 'அப்டேட்', 'ஃபேமிலி வெர்ஷன்'னு சொல்வாங்க. பவுட்லரைஸ்ங்கறது எப்பவும் எதிர்ல நிக்கறவன் வீசற கல்லு.

அப்போ வெட்டறதே தப்பா? எனக்கு அப்படித் தோணல.

ஸ்வின்பர்ன்னு ஒரு கவிஞர். விக்டோரியா காலத்துல அவரோட கவிதைகளைப் பாத்து இங்கிலாந்தே முகம் சுளிச்சுச்சு, அவ்ளோ 'ஏ' சர்டிபிகேட். அந்தாளு 1894-ல என்ன எழுதினார் தெரியுமா? பவுட்லரை எல்லாரும் கேலி பண்றீங்களே, ஷேக்ஸ்பியரைப் பசங்க கைல குடுக்க வழி பண்ணினதே அந்த மனுஷன்தான், அவரைவிட ஷேக்ஸ்பியருக்கு நல்லது பண்ணினவங்க யாரும் இல்லேன்னு. எனக்கு ஆச்சரியம் தாங்கல. ஆனா நியாயம் இருக்கு. அந்தப் பத்துத் தொகுதி இல்லேன்னா எத்தனை வீட்ல ஷேக்ஸ்பியர் அலமாரி உச்சிலயே இருந்திருப்பார்!

பிரியாணியில கறியை எடுத்துட்டா குஸ்கா. அதை விக்கறது குத்தமா? இல்ல. கறி சாப்பிடாதவங்க, காசு கம்மியா வெச்சிருக்கறவங்க, சாயங்காலம் பசிக்கு வரவங்க எல்லாருக்கும் அது வேணும். போர்டுல 'குஸ்கா'ன்னு எழுதியிருந்தா சண்டையே இல்ல. குஸ்காவைக் குடுத்துட்டு மட்டன் பிரியாணின்னு பில் போட்டாதான் கல்லாவைப் பாத்துப் போவோம். (அண்ணி கேட்ட கேள்விக்கும் பதில் கிடைச்சுடுச்சு. அது குஸ்கா ரைஸ்தான் அண்ணி.)

பவுட்லர் போர்டு வெச்சவர். அட்டைலயே சொன்னார். ஒத்தெல்லோவை என்னால முடியலேன்னு அதையும் எழுதினார். அவர் பேரு வசவாப் போச்சு. போர்டு வைக்காதவங்க ஜம்முனு திரியறாங்க.

ரே பிராட்பரியோட ஃபாரன்ஹீட் 451 தெரியும்ல? 1953-ல வந்த நாவல். புத்தகங்களைக் கொளுத்தற அரசாங்கத்தைப் பத்தி. அந்தப் புத்தகத்துக்கே, பள்ளிக்கூடத்துக்குன்னு 1967-ல ஒரு பதிப்பு போட்டு, எழுத்தாளர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, கிட்டத்தட்ட 75 இடத்துல கை வெச்சிருக்காங்க. வசவெல்லாம் போச்சு. குடிகாரன் ஒருத்தன் நோயாளி ஆயிட்டான். தொப்புள் அழுக்கை எடுக்கற இடம் காது சுத்தம் பண்ற இடமா மாறிடுச்சு. (தொப்புள்ல என்னய்யா ஆபாசம்? எங்க ஊர் சினிமாவுல கேளு, சொல்வாங்க.) 1973-லேர்ந்து பெரியவங்களுக்கு விக்கற பதிப்புலயும் இந்தக் கழுவினதே போயிருக்கு. அட்டைல ஒரு வரி கிடையாது. 1979-லதான் வெளில வந்துச்சு. பிராட்பரி சண்டை போட்டு மறு வருஷம் பழையபடி ஆக்கினார். புத்தகத்தைக் கொளுத்தாதீங்கன்னு எழுதின புத்தகத்தை, வலிக்காம, பதமா வேக வெச்சுட்டாங்க.

2023-ல ரோல்டு டாலோட சிறுவர் கதைகள்ல பஃபின் பதிப்பகம் பண்ணினது ஞாபகம் இருக்கும். குண்டுப் பையனை 'குண்டு'ன்னு சொல்லக் கூடாதுன்னு வேற வார்த்தை போட்டாங்க. இது மாதிரி நிறைய. சல்மான் ருஷ்டி வரைக்கும் காட்டமா திட்டி, கடைசில பழைய பதிப்பையும் தனியா 'கிளாசிக்'னு விக்கறோம்னு இறங்கி வந்தாங்க. இப்போ ரெண்டும் கடைல பக்கத்துப் பக்கத்துல. எது குஸ்கா, எது பிரியாணின்னு தெரிஞ்சு வாங்கிக்கலாம். இதை மொதல்லயே பண்ணியிருந்தா சண்டையே வந்திருக்காது.

இப்போ திருவையாறு. பெங்களூர் நாகரத்தினம்மாவைத் தெரியாத கர்நாடக சங்கீதக்காரங்க இருக்க மாட்டாங்க. தியாகராஜருக்கு அங்க சமாதி எழுப்பினவங்க. அவங்களுக்கு இன்னொரு கதை உண்டு.

தஞ்சாவூர்ல மராட்டிய ராஜா பிரதாபசிம்மன் சபைல, 18-ஆம் நூற்றாண்டுல, முத்துப்பழனின்னு ஒரு தேவதாசி. பெரிய புலமை. தெலுங்குல 'ராதிகா சாந்தவனம்'னு ஒரு காவியம் எழுதினாங்க. தான் வளர்த்த இளாவைக் கிருஷ்ணனுக்குக் கட்டி வெச்சுட்டு, அப்பறம் பொறாமையில புழுங்கற ராதை. அவளைக் கிருஷ்ணன் சமாதானப்படுத்தறான். ஆசையெல்லாம் ராதை பக்கத்துலேர்ந்து சொல்லியிருக்கும்.

இது 1887-ல அச்சுல வந்துச்சு. நாகரத்தினம்மா அந்தப் புத்தகத்தைப் படிச்சாங்க, பிடிச்சுப்போச்சு. அப்பறம் மூலச் சுவடி கைக்குக் கிடைச்சு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, அச்சுல பல பாட்டைக் காணோம். சிருங்காரம் தூக்கலா இருந்த பாட்டுங்க. சரி, அதாவது புரியுது. இன்னொண்ணும் காணோம். முத்துப்பழனி தன் பாட்டி பேரு, அம்மா பேருன்னு தன் வம்சத்தைச் சொல்ற பகுதி. அதுல என்ன ஆபாசம்? ஒரு பொம்பளை, தன் வழி பொம்பளைங்களைப் பேர் சொல்லிப் பெருமைப்பட்டது! அதுவும் யாரோ ஒருத்தருக்கு உறுத்தியிருக்கு.

நாகரத்தினம்மா விடல. 1910-ல எல்லாத்தையும் சேர்த்து முழுசாப் பதிப்பிச்சாங்க. அதுக்கு முன்னாடியே கந்துகூரி வீரேசலிங்கம் மாதிரி பெரிய சீர்திருத்தக்காரரே, ஒரு தாசி எழுதினது, பொண்ணுங்க வாய்ல வர வேண்டிய பேச்சா இதுன்னு முத்துப்பழனியைத் திட்டியிருந்தார். வெக்கம்ங்கறது பொம்பளைங்களுக்கு மட்டும்தானா, ஆம்பளைக் கவிஞருங்க இதைவிட அதிகமா எழுதினதை எல்லாரும் கொண்டாடலையான்னு முன்னுரையிலேயே கேட்டாங்க நாகரத்தினம்மா. வெள்ளைக்கார அரசாங்கம் ஆபாசம்னு சொல்லி தடை போட்டுச்சு. 1947-ல பிரகாசம் மெட்ராஸ் மாகாண முதல்வரா இருந்தப்போதான் தடை போச்சு.

பாத் நகரத்துல கத்திரியைப் பிடிச்ச ஹாரியட்டுக்கும், தஞ்சாவூர்ல எழுத்தாணியைப் பிடிச்ச முத்துப்பழனிக்கும் ஒருத்தருக்கொருத்தர் ஆகவே ஆகாது. ராதிகா சாந்தவனத்தை ஹாரியட் கைல குடுத்திருந்தா அட்டை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்! ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி மாட்டினாங்க. இவங்க பேரு அட்டைல இல்ல, அவங்க வம்சம் உள்ள இல்ல. படிக்கறவங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

ஒரு ஆறுதல். பவுட்லர்ங்கறது குடும்பப் பேரு. தாமஸுக்கு எவ்ளோ சொந்தமோ ஹாரியட்டுக்கும் அவ்ளோ சொந்தம். அந்தம்மா பேரை அட்டைலேர்ந்து எடுக்க முடிஞ்சுது, வினைச்சொல்லுக்குள்ளேர்ந்து யாராலயும் எடுக்க முடியல. இனிமே பவுட்லரைஸ்னு சொல்றப்போ நான் அக்காவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதனால சேனல்காரங்களே, பதிப்பகத்துக்காரங்களே, வெட்டுங்க. உங்க கத்திரி, உங்க விருப்பம். ஓரமா ஒரு வரி போடுங்க, 'இதுல இன்ன மாதிரி இடங்களை எடுத்திருக்கோம்'னு. நாங்க குஸ்கான்னு தெரிஞ்சே சாப்பிடறோம்.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நான் சும்மா இருக்கக் கூடாதில்ல? இந்தப் பதிவுல ஒரு பத்தியை எடுத்திருக்கேன். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல யாரு யாரைப் பத்தி என்ன பேசினாங்கங்கற பத்தி. அண்ணி இதைப் படிப்பாங்க.